கொடிக்கம்பத்தின் கீழ் ஒரு ஷூ

கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறுவதற்காக, ஒரு பெரியவர் இறங்கட்டும் என்று நான் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. ராணுவத்தில் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பியவர், எங்கள் தெருக்காரர். எல்லாருக்கும் அவர் 'மிலிட்டரி'தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

"என்னா மிலிட்டரி, பார்டர்லயும் இப்படித்தான் எறங்குவியா? அதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடுமே!" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகு உறுத்தியது. எங்கள் இளைஞர் மன்றத்தில் வருஷா வருஷம் ரைஸ்மில் முதலாளிதான் சுதந்திர தினக் கொடி ஏற்றுவார். இந்த வருஷம் இவர் ஏன் ஏற்றக் கூடாது?

மன்றத்தில் ஒரே நாளில் சம்மதம் வாங்கிவிட்டேன். அவரிடம் வாங்கத்தான் நான்கு நாள் ஆயிற்று. "மில்லுக்காரரையே கூப்பிடுங்கப்பா. அவரு மிட்டாயாவது குடுப்பாரு" என்றார்.

சுதந்திர தினத்தன்று காலை பாலிஷ் போட்ட கறுப்பு ஷூவோடு வந்தார். கம்பத்தைச் சுற்றிக் கோலம். நாங்கள் செருப்புகளை வாசலிலேயே விட்டிருந்தோம். கொடிக்கு முன்னால் வெறுங்காலோடு நிற்பதுதான் எங்கள் வழக்கம்.

"ஐயா, ஷூவைக் கழட்டிடுங்க" என்றார் மன்றச் செயலாளர்.

"ஷூவோட நின்னாத்தான்பா எங்களுக்கு மரியாதை."

"அது மிலிட்டரியில. இது கோலம் போட்ட எடம்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பேச்சு முற்றுவதற்குள் முடித்துவிடலாம் என்று நான் குனிந்தேன். பெரியவர் காலைத் தொடுவதும் மரியாதைதானே? ஷூ லேஸை அவிழ்த்து இழுத்தேன். "வாணாம்பா" என்று அவர் என் தோளைப் பிடிப்பதற்குள் ஷூ கையோடு வந்துவிட்டது. முன்பக்கம் திணித்திருந்த பழைய வேட்டித் துணியும் கோலத்தில் விழுந்தது. சாக்ஸின் நுனி வெறுமையாகத் தொங்கியது. பாதம் பாதியிலேயே முடிந்திருந்தது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, துணியை உதறித் திணித்து, ஷூவை மாட்டினார். கொடியேற்றி சல்யூட் அடித்தார். மிட்டாய் வாங்காமல் போய்விட்டார்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி, "பத்து வருஷமா என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. ஒரே நாள்ல தெருவுக்கே காட்டிட்டியே!" என்றார்.

"உடு, எப்பவோ தெரியப்போறதுதான்" என்றார் அவர் உள்ளிருந்து.

எழுபத்தொன்று சண்டைச் சமயம், லடாக்கில் லாரி இரண்டு நாள் பனியில் சிக்கிக்கொண்டதாம். குளிரில் விறைத்துச் செத்துப்போனதால், ஒரு காலில் ஐந்து விரலோடு முன்பாதத்தையும், இன்னொன்றில் மூன்று விரலையும் எடுத்துவிட்டார்கள். இல்லாத விரல்கள் மார்கழியில் இன்றும் எரிகின்றனவாம்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

"கூட இருந்தவன் திரும்பி வரலப்பா. காலைப் பத்திச் சொன்னா அவனைப் பத்தியும் சொல்லணும்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், மலை சுற்றும் கிரிவலப் பாதையில் இப்போது சரளைக்கல் ஜாஸ்தியா என்று விசாரித்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் மலை சுற்றியதே இல்லை. வெறுங்காலோடு நடக்க முடியாது. ஷூவோடு போனால் ஆளாளுக்குக் கேள்வி. இனி மறைக்க ஒன்றுமில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புகிறோம். அவர் ஷூவோடு, அவர் மனைவி வெறுங்காலோடு. மடக்கு நாற்காலியைச் சைக்கிளில் கட்டி உருட்டிக்கொண்டு வருவது என் வேலை. முதலில் அடி அண்ணாமலை டீக்கடை வரைக்கும். அங்கே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிக் காலைப் பார்த்துவிட்டு, மீதித் தூரம் நடப்பதா என்று முடிவு செய்வதாக ஏற்பாடு.