இடி வந்தால் கழற்றிவிடுபவர்

1. தெல்தோட்டைக்கு மேலே, மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக்கதிர்களை எண்ணும் கருவியைப் பொருத்தினோம்.
2. பூமி சுழலச் சுழல அது வானத்தைச் சுற்றிப் பார்க்கும். எந்தத் திசையில் கதிர்கள் குறைவு என்று கண்டால்தான் எனக்கு ஆய்வுப் பட்டம்.
3. ஒரு திசையில் குறைவு தெரிந்தது. கேக் வெட்டினோம்.
4. அந்தக் குறைவு வானத்தில் இல்லை.

தொழிற்சாலைக் காவலாளி மெலிந்தவர். வெயிலிலும் காதை மூடிய கம்பளித் தொப்பி போட்டிருப்பார். பேச்சை நடுவில் நிறுத்தி ஹேவாஹெட்ட பக்கத்து மலையைப் பார்ப்பார். அங்கே கறுத்தால் எழுந்து போய்விடுவார். தேநீர் வைக்கப் போகிறார் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பின்னால் போனேன். கருவியின் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணே செய்றீங்க?"

"இடி வருது மிஸ். எங்க லயத்து வீடுகள்ல எல்லாரும் இப்படித்தான் டிவியக் கழட்டுவோம். போனதும் மாட்டிருவேன்."

"தினமுமா?"

"மழைக் காலத்துல பின்னேரமானா தினமுந்தானே இடிக்குது."

நாங்கள் அதை மின்வெட்டு என்று எடுத்துக்கொண்டிருந்தோம். திரும்ப மாட்டினால் கருவி நிதானத்துக்கு வர மணிக்கணக்காகும். அதுவரை குறைவாகவே எண்ணும். அந்த மாலைகளில் தலைக்கு மேலே நின்ற வானத்தைத்தான் நாங்கள் கண்டுபிடித்திருந்தோம்.

விளக்கிச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப எரிஞ்சு போயிருந்தா நல்லதா மிஸ்?"



மேலும் ஒரு வருடம் எண்ண அனுமதி கிடைக்கவில்லை. கருவி கண்டியில் ஓர் அறையில், ஒரு கீறலும் இல்லாமல் இருக்கிறது. திசை தெரியவில்லை.