எழுதிக் கொடுத்த பேச்சு

எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. அடங்குவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். யார்மேல் கோபம் என்று கேட்டால் பலரைச் சொல்வேன். முதல் ஆள் நான்தான். அதையும் மறைக்கப் போவதில்லை.

என் மகள் இங்கே மலேசியாவில், கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் அவள் வகுப்புக்குப் புதிதாக ஓர் ஆசிரியை வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. செந்தூலிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வந்து போகிறவர். புடவைக்குக் கீழே, காலில் விளையாட்டுச் சப்பாத்து. சிரிப்பு குறைவு. பெற்றோரைக் கண்டால் குழைகிற பழக்கம் அறவே கிடையாது. பார்த்த முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

வகுப்பில் அவர் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். தினமும் காலையில் ஒரு பிள்ளை எழுந்து நின்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். எதைப் பற்றியும் பேசலாம். ஆனால் அது யாரும் சொல்லிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. புத்தகத்தில் படித்தது, அம்மா சொன்னது, யூடியூபில் கேட்டது எதுவும் செல்லாது. முதல் வாரம் பிள்ளைகள் எழுந்து நின்று மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் திட்டவில்லை, அடியெடுத்தும் கொடுக்கவில்லை. உட்கார்ந்து காத்திருந்தாராம்.

"ரெண்டு நிமிஷமும் சும்மாவே நின்னேம்மா. டீச்சர் ஒண்ணுமே சொல்லல. நாளைக்கும் நான்தானாம்" என்று மகள் வந்து சொன்னபோது எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாடம் நடத்தாமல் பிள்ளையை நிற்க வைத்து வேடிக்கை பார்க்கவா பள்ளிக்கூடம்?

மூன்றாவது நாள் அவள் பேசிவிட்டாள். எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால் படியேறித்தான் போக வேண்டும். நான்காம் மாடிக்கு வந்தாலே யாரோ கருவாடு பொரிக்கும் வாசனை வரும். அந்த வீட்டுக் கதவு திறந்து அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. இவ்வளவுதான் பேச்சு. வகுப்பே சிரித்திருக்கிறது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல், "அந்த வீட்டுல யார் இருப்பாங்கன்னு நீ நினைக்கிற?" என்று கேட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை அதையே பேசிக்கொண்டிருந்தாள்.

அதுவரை என் துப்பட்டாவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை அவள். இரண்டே மாதத்தில், மளிகைக் கடையில் வரிசையை முந்திக்கொண்டு வந்த ஒருவரிடம், "அங்கிள், நாங்கதான் முதல்ல வந்தோம்" என்றாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். நான் என்ன செய்தேன்? வெளியே வந்ததும் அவள் கையைக் கிள்ளி, "பெரியவங்ககிட்ட இப்படியா பேசறது?" என்று கேட்டேன். இதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு பள்ளிகளுக்கு இடையிலான பேச்சுப்போட்டி வந்தது. எங்கள் பள்ளிக்காக என் மகள் பேசுவதென்று முடிவானது.

தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பேச்சை ஆசிரியர் எழுதிக் கொடுப்பார். பிள்ளை மனப்பாடம் செய்யும். எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும், எங்கே கண்ணை உருட்ட வேண்டும் என்பதெல்லாம் தாளிலேயே குறித்திருக்கும். பேசுகிற பிள்ளைக்குத் தெரியும், பெற்றோருக்குத் தெரியும், நீதிபதிகளுக்கும் தெரியும். தெரிந்தே எல்லாரும் கை தட்டுவோம். நானும் அப்படித்தான் மாநில அளவில் கிண்ணம் வாங்கினேன். வாங்கி என்ன கிழித்தேன்? பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு முகப்பில் வேலை செய்கிறேன். தன் தவற்றுக்கு என்னை ஆட்கள் முன்னால் திட்டும் மருத்துவரைப் பார்த்து, "சாரி டாக்டர்" என்று சிரிக்கிறேன். அந்தக் கிண்ணம் வாங்கிய வாய்க்கு, யாரும் எழுதிக் கொடுக்காத ஒரு வரி வருவதில்லை.

இந்த ஆசிரியையோ எழுதித் தர முடியாது என்றுவிட்டார். 'என் பள்ளி என் பெருமை' என்பது தலைப்பு. உங்கள் மகளே எழுதுவாள், அவளே பேசுவாள் என்று குறிப்பு அனுப்பினார். நான் கொதித்துப் போனேன். பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில், இந்த டீச்சருக்குப் பிள்ளைகள் ஜெயிப்பதில் அக்கறையே இல்லை, சோம்பேறித்தனத்துக்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்திருக்கிறார் என்று எழுதினேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. ஒரு தாய், பேச்சு எழுதித் தருவதில் பெயர்போன, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார். கேட்ட அன்றே பேச்சு வந்துவிட்டது. கல்விக் கோயில், அறிவுச் சுடர், ஏணி, தோணி, மெழுகுவர்த்தி, ஒன்றும் பாக்கியில்லை.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து ரயிலில் வந்து, உடை மாற்றாமல்கூட, மகளைக் கண்ணாடிமுன் நிறுத்திப் பயிற்சி கொடுத்தேன்.

"அம்மா, நான் எழுதினது வேற இருக்கும்மா."

"அதைப் பத்திரமா வச்சுக்க. மொதல்ல பரிசு வாங்கு, அப்புறம் படிச்சுக் காட்டு."

"டீச்சர்கிட்ட என்ன சொல்றது?"

"நான் பேசிக்கிறேன்."

நான் பேசவில்லை. அவளேதான் போய்ச் சொல்லியிருக்கிறாள். ஆசிரியை கோபித்துக்கொள்ளவில்லையாம். "மேடையில நிக்கப்போறது நீ. எதைப் பேசறதுன்னு நீயே முடிவு பண்ணு" என்று மட்டும் சொன்னாராம். இதைக் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. பொறுப்பில்லாத பேச்சு என்றே நினைத்தேன்.

போட்டி ஒரு சனிக்கிழமை காலை, வேறொரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. என் மகள் ஐந்தாவது. நான்காவதாக வேறு பள்ளிப் பிள்ளை ஒருத்தி ஏறினாள். அவைத்தலைவருக்கும் நீதிபதிகளுக்கும் நேரம் பார்க்கும் மணிக்காப்பாளருக்கும் வணக்கம் சொன்னாள். பிறகு வலது கையை உயர்த்தி, கல்விக் கோயில் என்று ஆரம்பித்தாள். ஏணி வந்தது. தோணி வந்தது. மெழுகுவர்த்தி வந்தபோது இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே குவித்தாள். என் மகள் குவிப்பது மாதிரியே.

அந்த ஓய்வுபெற்ற மனிதர் இரண்டு பள்ளிகளுக்கும் ஒரே பேச்சை அனுப்பியிருந்தார். பள்ளியின் பெயரை மட்டும் மாற்றியிருந்தார். எழுந்து ஓடிப்போய் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வணக்கம் சொன்னாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. ஒலிவாங்கியைப் பிடித்தபடி நின்றாள். மண்டபத்தில் குசுகுசுப்பு. அழப்போகிறாள் என்றே நினைத்தேன். திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில் அவளுடைய ஆசிரியை மடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். தலையாட்டவில்லை, சைகை காட்டவில்லை. பிள்ளைக்கு நேரம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் மனப்பாடம் செய்த பேச்சை இப்போதுதான் இன்னொருவர் பேசிவிட்டார். அதனால் நானே எழுதியதைப் பேசுகிறேன்" என்றாள் மகள்.

மண்டபம் சிரித்தது. அவள் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு கையை ஆட்டாமல், சாதாரணமாகப் பேசினாள். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதனால் ஓய்வு நேரத்தில் இரண்டிரண்டு பேராகப் போவோம். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வாள். தோழி இல்லாத பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. "நான் உள்ளே இருக்கும்போது என் தோழி ஒரு தடவைகூடக் கதவை விட்டதில்லை. என் பள்ளியில் எனக்குப் பெருமை அவள்தான்" என்று முடித்தாள்.

ஐந்து வருடமாக என் பிள்ளை அந்தப் பள்ளிக்குப் போகிறாள். தாழ்ப்பாள் இல்லை என்பது எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை, நான் கேட்டதும் இல்லை. தண்ணீர் போத்தல் அப்படியே திரும்பி வந்தால் திட்டுவேன், அவ்வளவுதான்.

பரிசு அந்த மெழுகுவர்த்திப் பிள்ளைக்கே போனது. திங்கட்கிழமை தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். அறையில் அவரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரும், ஓரத்தில் அந்த ஆசிரியையும் இருந்தார்கள்.

"மத்த ஸ்கூல்காரங்க முன்னால நம்ம மானமே போச்சு. இந்த டீச்சர்தான் பிள்ளையைத் தூண்டிவிட்டுப் பேச வச்சிருக்காங்க" என்றார் தலைமையாசிரியை. பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பினார். "இவங்களைப் பத்தி நீங்களே கம்ப்ளெய்ன் பண்ணியிருக்கீங்க, பாருங்கம்மா."

திரையில் நான் குழுவில் எழுதியது இருந்தது. அக்கறை இல்லை. சோம்பேறித்தனம். எல்லாம் என் வார்த்தைகள்.

ஆசிரியை என்னைப் பார்த்தார். மனப்பாடப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி முழுக்க என் தலையில் விழுந்திருக்கும். அவர் சொல்லவில்லை. "பேச்சு அவளோடதுதான். அவ பொய் எதுவும் சொல்லலை" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. தலைமையாசிரியை பக்கம் திரும்பினேன். "டீச்சர், இவங்க தூண்டிவிடல. வெளியில ஒரு சார்கிட்ட பேச்சு எழுதி வாங்கினது நான். மனப்பாடம் பண்ண வச்சது நான். குழுவில எழுதினதும் தப்பு, அதையும் வாபஸ் வாங்கிக்கறேன். தாழ்ப்பாள் இல்லாததுக்கு என் பொண்ணு வெட்கப்படணுமா, நீங்க வெட்கப்படணுமா?" என்றேன். பாதியில் இருமினேன். கிண்ணம் வாங்கியவள் பேசுகிற அழகு இது.

"அதெல்லாம் வேற விஷயம் லா, அக்கா" என்றார் சங்கத் தலைவர். "சூடாகாதீங்க. டீச்சரை மாத்தறதுன்னு நாங்க ஏற்கெனவே பேசி முடிச்சிட்டோம்."

ஏற்கெனவே முடித்துவிட்டார்களாம். அப்படியென்றால் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள்? தலையாட்டத்தான்.

அந்த வாரமே கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போட்டார்கள். ஆள் வந்து அரை நாளில் முடித்துவிட்டுப் போனார். ஆக, அவள் சொன்னது உண்மை. எல்லாருக்கும் தெரிந்த உண்மை. அதே வாரம் ஆசிரியையை முதலாம் ஆண்டுக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் ஆண்டுக்கு வந்தவர் காலையில் பிள்ளைகளைப் பேச வைப்பதில்லை. அந்த நேரத்தில் பயிற்சித் தாள் கொடுக்கிறார். குழுவில் எல்லாருக்கும் திருப்தி. நான் மன்னிப்புக் கேட்டு எழுதியதற்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

ஆசிரியர் தினத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வேலை நேரத்தில் தலைமையாசிரியை என்னை அழைத்தார். எதிரே நான்கு நோயாளிகள் காத்திருந்தார்கள். ஆசிரியர் தின வாழ்த்துரைக்கு என் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். குரல் நன்றாக இருக்கிறதாம். பேச்சைத் தட்டச்சு செய்து கொடுத்தால், தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

"என்ன சொல்லித் திருப்பிக் கொடுத்தா, டீச்சர்?"

"'எனக்குச் சொல்லிக் கொடுத்தவங்களை இந்த வகுப்பிலேருந்து அனுப்பிட்டீங்க, நான் யாருக்கு நன்றி சொல்றது?'ன்னு கேக்கறா. பதினோரு வயசுப் பிள்ளை பேசற பேச்சா இது? நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கம்மா."

மருத்துவர் உள்ளேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் நகரவில்லை.

"அவ சரியாத்தான் கேட்டிருக்கா. நான் எடுத்துச் சொல்ல மாட்டேன்."

"அப்ப வேற பிள்ளையைப் போட வேண்டியதுதான்."

"போட்டுக்குங்க."

வைத்துவிட்டேன். ஒரு தலைமையாசிரியையிடம் முடியாது என்று சொல்ல எனக்கு நாற்பத்தொரு வயதாக வேண்டியிருந்தது. என் பிள்ளைக்கு அது பதினோரு வயதில் வந்துவிட்டது. அதைக் கொடுத்தவர் அந்த நேரத்தில் முதலாம் ஆண்டு வகுப்பில் யாருடைய சப்பாத்துக் கயிற்றையோ கட்டிவிட்டுக்கொண்டிருந்திருப்பார். அவரை அங்கே அனுப்ப, அவர்கள் காட்டிய ஒரே சாட்சி என் எழுத்துதான்.