பாதிச் சிவப்புக் கார்

எண்பதுகளின் கடைசியில் வெளிநாடு வந்து, வால்தம்ஸ்டோ என்ற ஊரில் கராஜ் ஒன்றில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தேன். முதலாளி அண்ணை பழைய கார்களை முட்டிமோதி ஓட்டும் ஸ்டொக் கார் பந்தயம் ஓடுபவர். அவருடைய வெள்ளைக் காருக்குச் சிவப்பு அடித்துக்கொண்டிருந்தபோது கொழும்பிலிருந்து போன் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஷெல் விழுந்து என் தம்பி செத்துவிட்டான். கதவுவரை அடித்ததை அப்படியே விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுத்தேன்.

அண்ணை அந்தக் கோலத்திலேயே காரை ஓட்டி வென்றார். பாதிச் சிவப்புக் கார் பந்தயத் திடலில் பேர் எடுத்தது. அடுத்த வருசம் புதுக் கார் வந்தது.

“இதை முழுக்க அடிக்கட்டோ, அண்ணை?”

“வேண்டாம். சனம் அந்தப் பாதியைத்தான் தேடுது.”

ஏன் பாதியில் நின்றதென்று அவருக்குத் தெரியும். நானும் மறுக்கவில்லை. நாலு கார்களுக்கு அப்படியே அடித்தேன். ஐந்தாவது காரில் கதவை நெருங்கியதும் பெயின்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தேன். வேலையை விட்டு நின்றேன். கதவுவரை மிச்சத்தை வேறொருவர் அடித்தார்.