கயிற்றின் மேல்முனையில் ஒரு சான்றிதழ்

1. கரையிலேயே நின்ற நாள்

உடுப்புப் போட்டாயிற்று. சிலிண்டரையும் முதுகில் ஏற்றியாயிற்று. பம்பைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஆனால் இன்ஜினியர் மிஸ் என்னைத் தண்ணீரில் இறங்க விடவில்லை.

“முதலுதவிக் காட் எங்க அண்ணை?” என்றார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. குரல் உயராது, ஆனால் சொன்னால் சொன்னதுதான். “முதலுதவியும் சீ.பீ.ஆரும் படிச்ச சேர்ட்டிபிக்கட் டீமில ஒராளுக்காவது இருக்கோணும். புதுசா வந்த விதி. இல்லாட்டி இறங்கேலாது.”

“மிஸ், நான் திருகோணமலையில நாலு வருஷம் சங்கு குளிச்சவன்.”

“ஓம், தெரியும். சங்கு உங்களுக்குச் சேர்ட்டிபிக்கட் தந்ததோ? திங்கக்கிழமை வரைக்கும் பொறுக்கிறன். பிறகு கொழும்பில இருந்து வேற ஆக்களைத்தான் கூப்பிடோணும்.”

பிள்ளைகளே, அப்பாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டால் நீங்கள் விழித்ததுண்டு. அதனால் எழுதிவைக்கிறேன். தெல்தெனியப் பக்கத்து நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இழுக்கும் பம்பின் வாயில் ஒரு இரும்பு வலை இருக்கிறது. மரக்கிளை, பிளாஸ்டிக், பாசி எல்லாம் வந்து அதை அடைக்கும். நான் மூழ்கிப்போய்ச் சுத்தம் செய்வேன். என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மிதவையில் நின்றபடி நசீர் நானா பிடித்திருப்பார். அவர் ஒருதரம் இழுத்தால் ‘சுகமா?’ என்று அர்த்தம். நான் ஒருதரம் இழுத்தால் ‘சுகம்’. கண் தெரியாத அந்தக் கலங்கலில் எங்களுக்குள் இருந்த பேச்சு அவ்வளவுதான்.

2. மூன்று போன்

அன்று பின்னேரமே வகுப்புத் தேடத் தொடங்கினேன்.

முதல் இடத்தில், போனில் வீடியோ பார்த்தால் போதும், ஒரு மணித்தியாலத்தில் சேர்ட்டிபிக்கட் வந்துவிடும் என்றார்கள். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. திங்கட்கிழமைக்குள் ஒரு காட் வேண்டும், அவ்வளவுதானே? பெயரை அடிக்கப் போன நேரம் நானா எட்டிப் பார்த்தார்.

“தம்பி, நீங்க நீச்சலும் போன்ல பாத்தா படிச்ச?”

போனை மூடிவிட்டேன்.

அடுத்தது பிலிமத்தலாவையில், கடைக்காரர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தும் ஒருவர். நெஞ்சை அமுக்க மட்டும் பழக்குவோம், வாயில் வாய் வைத்து ஊதத் தேவையில்லை என்றார். ரோட்டில் நெஞ்சுவலி வந்து விழுந்தவருக்கு அது உதவுமாம்.

“தண்ணிக்குள்ள இருந்து தூக்கின ஆளுக்கும் அது போதுமா சார்?” என்று கேட்டேன்.

“போதாது,” என்றார். “மூழ்கின ஆளுக்கு மொதல்ல நிக்கிறது மூச்சு. அமுக்குறதோட காத்தும் குடுக்கணும், அதையும் மொதல்ல குடுக்கணும். நான் அத படிப்பிக்கிறதில்லைங்க. கண்டியில ஒரு டீச்சர் இருக்காங்க, நம்பர் தர்றேன்.”

தன் வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொன்ன அந்த மனிதரை நான் நேரில் பார்த்ததே இல்லை. இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கண்டி வகுப்பு சனி, ஞாயிறு இரண்டு நாள். பொம்மையில் ஊதியும் அமுக்கியும் கையால் பழக வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து முகமூடி மாட்டப் பழக வேண்டும். எல்லாம் தமிழில். நான் தேடியது அதுதான். ஆனால் ஒரே ஒரு இடம்தான் மிச்சம் இருந்தது.

3. யார் போவது?

“டைவர் நீங்க, நீங்க போங்க,” என்றார் நானா. பிறகு அவராகவே சிரித்தார். “ஒண்டு கேக்கிறேன் தம்பி. நீங்க அடியில மயங்கினா மேல நிக்கிற நான் ஒங்கட சேர்ட்டிபிக்கட்ட வெச்சி என்ன செய்ற? ஒங்களுக்கு விசிறவா?”

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீருக்குள் இருப்பவன் நான் ஒருவன். எனக்கு ஏதும் நடந்தால் என் வாயில் நானே ஊத முடியுமா? இத்தனை வருடமும் இதை யோசிக்கவே இல்லை.

“நீங்கதான் போறீங்க நானா.”

“எனக்கு ஏலா! அஞ்சாம் வகுப்போட நிப்பாட்டின மனிசன். டெஸ்ட் வெச்சா எண்ட பேரும் மறந்திரும்.”

“நீங்க போகலைன்னா நான் இறங்க மாட்டேன்.”

மிஸ்ஸுக்கும் இது பிடிக்கவில்லை. காட் டைவரிடம் இருப்பதுதானே வழக்கம் என்றார். “டீமில ஒராளுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? கயிறு பிடிக்கிறவரும் டீம்தானே?” என்றேன். அவர் புது விதி வந்த கடிதத்தை எடுத்து இரண்டுதரம் வாசித்தார்.

“ஓம், அப்பிடித்தான் இருக்கு. ஆனா அவர் பெயில் விட்டா உங்களுக்கும் வேலை இல்லை, அண்ணை. யோசிச்சுக்கொள்ளுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை நானா முதல்தரம் பெயில் விட்டார். ஊத ஊதப் பொம்மையின் நெஞ்சு எழும்பவில்லை. தாடையைத் தூக்கித் தலையைப் பின்னுக்குச் சாய்க்க மறந்திருக்கிறார். டீச்சர் மற்றவர்களை அனுப்பிவிட்டு, அது எழும்பும்வரை அவரை வீட்டுக்கு விடவில்லை. கடைசியில் அது எழும்பி, காட் கிடைத்ததும் தெல்தோட்டைக்குப் பஸ் ஏறி நம் வீட்டுக்கே வந்துவிட்டார். “மாமாக்குத் தாடைய காட்டுங்க மகள்,” என்று உங்கள் இருவரையும் பாயில் படுக்கவைத்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தது நினைவிருக்கிறதா? சின்னவள் கூச்சத்தில் சிரித்து உருண்டாள்.

4. பதில் வராத கயிறு

நாலு மாதம் கழித்து, பெருமழைக்குப் பிறகு ஒருநாள், வலையில் சிக்கிய பெரிய கிளையொன்றை அசைத்தேன். அது கழன்று தலையில் அடித்தது. வாயில் இருந்த காற்றுக்குழாய் நழுவியது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. மிஸ் சொன்னதை எழுதுகிறேன்.

நானா ஒருதரம் இழுத்திருக்கிறார். பதில் இல்லை. இன்னொருதரம். அதற்கும் இல்லை. உடனே பம்ப் ஒப்பரேட்டரையும் சேர்த்துக்கொண்டு என்னை மிதவைக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு மூச்சில்லை. “நெஞ்ச அமுக்குங்க!” என்று ஒப்பரேட்டர் கத்தினாராம்.

“பொறுங்க, இவருக்கு மொதல்ல காத்து வேணும்,” என்று நானா என் தாடையைத் தூக்கி ஊதினார். நெஞ்சு எழும்பியது. மறுபடி ஊதினார். நான் இருமி வாந்தியெடுத்தேன். பக்கவாட்டில் புரட்டி, மிதவையில் வைத்திருந்த ஒட்சிசன் முகமூடியை மாட்டினார். கரையில் நின்ற மிஸ் அம்புலன்சுக்குப் போன் அடித்தார்.

எனக்கு நினைவு திரும்பியபோது காதில் விழுந்த முதல் பேச்சு நானாவுடையது: “அந்தப் பொம்மை இவர விட லேசா இருந்திச்சி, மிஸ்.”

எழுந்து வீட்டுக்குப் போகிறேன் என்றேன். “ஏலா! தண்ணி குடிச்ச நெஞ்சு பொறகும் மோசம் செய்யும், டீச்சர் சொன்ன,” என்று அம்புலன்சில் ஏற்றிவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாக வந்தேன்.

அடுத்த வகுப்பிலேயே நானும் சேர்ந்தேன். மிதவையில் நிற்கும் நானாவும் ஒருநாள் தவறி விழலாமல்லவா? இப்போது எங்கள் இருவரிடமும் காட் இருக்கிறது. அதன் காலம் முடியுமுன் சேர்ந்தே போய்ப் புதுப்பிக்கிறோம்.

சின்னவளே, நீ டைவிங் படிக்கப் போவதாகப் போன கிழமை சொன்னாய். அம்மா பயந்தாள், நான் பயப்படவில்லை. கையால் பழக்கும் வகுப்பாக, மூழ்கினவருக்கு மூச்சுக் கொடுக்கவும் ஒட்சிசன் கொடுக்கவும் சொல்லித்தரும் வகுப்பாக, உனக்கு நன்றாக விளங்கும் மொழியில் நடக்கும் வகுப்பாகப் பார்த்துச் சேர். சேர்ட்டிபிக்கட் கிடைத்ததும் படம் எடுத்து அனுப்பு. உன்னோடு தண்ணீருக்கு வரப்போகிறவரின் சேர்ட்டிபிக்கட்டையும் சேர்த்து அனுப்பு. நான் முதலில் திறந்து பார்க்கப்போவது அதைத்தான்.