அம்மா அடித்த பந்து

வற்றிய ஏரியின் சேறு வெயிலில் காய்ந்து வெடிக்கும்போது, மீனும் சுட்ட மண்ணும் கலந்தாற்போல் ஒரு வாசனை கிளம்பும். என் சிறுவயதுக் கோடை ஞாயிறுகள் எனக்கு அந்த வாசனைதான். காஞ்சிபுரத்தில் காலை பஸ்ஸைப் பிடித்து அப்பாவும் அம்மாவும் நானும் தென்னேரிக்குப் போவோம். அது அம்மா பிறந்த ஊர் என்றாலும், நாங்கள் போனது உறவு பார்க்க அல்ல. அப்பா கோல்ஃப் பழகுவதற்கு.

வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் அப்பா மேலாளர். சென்னையில் கோல்ஃப் ஆடும் ஆலை முதலாளி, தம் பழைய மட்டை ஒன்றையும் சில பந்துகளையும் கொடுத்து, வீசும் முறையையும் சொல்லியிருந்தார். தலையைத் தூக்கக் கூடாது, இடது கை மடங்கக் கூடாது என்று மந்திரம்போல் முணுமுணுத்துக்கொண்டே அப்பா ஓங்குவார். மட்டை "தொப்"பென்று மண்ணில் இறங்கும், இல்லையென்றால் பந்து வலப்பக்கம் வளைந்து வேலிகாத்தான் புதருக்குள் ஓடிவிடும். ஆடு மேய்ப்பவர்கள் இதற்குக் "கோலுப்பந்து" என்று பெயர் வைத்துக் கரையில் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஒருநாள் அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏங்க, பந்தப் பாக்காம அது போற எடத்தப் பாத்துக்கினே அடிக்கிறீங்க."

"எங்க, நீ அடி பாக்கலாம்" என்று அப்பா விளையாட்டாக மட்டையை நீட்டினார்.

அதே ஏரியில் அண்ணன்களோடு கில்லி அடித்து வளர்ந்தவள் அம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவசரமில்லாமல் ஓங்கி, இடுப்போடு திரும்பி அடித்தாள். பந்து மேலே மேலே போய், மதகையும் தாண்டி விழுந்தது. "அப்படிப் போடும்மா! சார், அவங்ககிட்ட கத்துக்கோ!" என்று கரையிலிருந்து ஒருவர் கத்தினார். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், ஆனால் மட்டையை உடனே திருப்பி வாங்கிக்கொண்டார்.

மறு ஞாயிறு, "வெயிலு ஜாஸ்தியா இருக்குது, நீ வூட்லயே இரு" என்றார். அம்மா எங்கள் இருவருக்கு மட்டும் தயிர்சாதம் கட்டினாள். அந்தக் கோடை முழுவதும் அப்படியே போயிற்று. அப்பாவின் வீச்சு இன்னும் மோசமானது. திரும்பும்போதெல்லாம் மல்லிகைப்பூ வாங்குவார். அதை அம்மா கையில் தராமல் அலமாரிமேல் வைத்துவிட்டு, முகம் கழுவப் போய்விடுவார். அவருடைய அந்த உறுத்தல் எனக்கும் தொற்றிக்கொண்டது. ஏரியில் சாதப் பொட்டலத்தைப் பிரிக்கவே கூச்சமாக இருக்கும்.

அடுத்த கோடையில் ஏரி வற்றியதும் அப்பாவே வாய் திறந்தார். "இந்தத் தபா நீயும் வா. போன வருசம் ஒன்ன வுட்டுட்டுப் போனது வெயிலுக்காக இல்ல."

"தெரியுங்க." அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "இப்ப எனக்கு அந்த ஆசை போயிடுச்சு. நீங்க போய்ட்டு வாங்க."

அப்பா போகவில்லை. பிறகு அவர் மட்டையைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கே கிளம்பினாலும், வாசலில் நின்று, "நீயும் வரியா?" என்று அம்மாவைக் கேட்காமல் அவர் படியிறங்கியதில்லை. "முடி வெட்டிக்கப் போற எடத்துக்கு நான் எதுக்கு?" என்று அம்மா சலித்துக்கொள்வாள். அப்போதும் கேட்பார்.

அப்பா இறந்தபின் அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் இல்லை. நான் செருப்பு மாட்டும்போது அம்மா நாற்காலியிலிருந்து தலை நிமிர்ந்து பார்க்கிறாள். தெருமுனை திரும்பிய பிறகுதான், கேட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது.