என் குரலைத் தின்ற வயர்

என் குரலுக்குப் பலம் போதாது என்று ஊரே சொன்ன ஒரு வாரம் உண்டு. எழுபதுகளின் நடுவில், விருத்தாசலத்தில். அப்படிச் சொன்னவர்களில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். குறை குரலில் இல்லை, வயரில் இருந்தது. அப்போதே அடித்துச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான் அப்போது ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை பார்த்தேன். மின்சார அடுப்பின் கம்பிமேல் கோப்பதற்குச் சின்னச் சின்னப் பீங்கான் மணிகள் செய்வார்கள். விரிசல் விட்டதைப் பொறுக்கி ஒதுக்கிவிட்டு நல்லதைப் பெட்டியில் போடுவது என் வேலை. ஒரு ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மைக் வைத்தார்கள். பரிசு வாங்குகிறவர்களைக் கூப்பிட வேண்டிய ஆள் வரவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தினார்கள். கூச்சம் என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. ஒருவர் விடாமல் கூப்பிட்டேன், கடைசி வரிசைவரை கேட்டது.

விழாவுக்கு வந்திருந்த சினிமாக் கொட்டகை மேனேஜர் என்னிடம் வந்தார். "ஏம்மா, பொம்பள கொரல்ல வெளம்பரம் போட்டா ஊரே திரும்பிப் பாக்கும். நீ வரியா?" என்றார். என் வீட்டுக்காரர் சொந்தமாக டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தார். கார் அவருடையது, குரல் என்னுடையது என்று பேச்சு முடிந்தது. படம் மாறும் வெள்ளிக்கிழமைகளில் மைக்கில் விளம்பரம் சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிவிட்டு, பக்கத்து ஊர்களான நல்லூர், மங்களூர், திட்டக்குடி என்று போய் வர வேண்டும். எனக்கு அந்த வேலைமேல் வெறியே வந்துவிட்டது. நாள் பூராவும் தலையைக் குனிந்து மணி பொறுக்குகிறவளுக்கு, நாலு ஊர் தலை நிமிர்ந்து கேட்கிற மாதிரி பேச ஒரு வாய்ப்பு வந்தால் விடுவேனா?

ஆம்ப்ளிஃபையர் ஒன்றும் குழாய் ஸ்பீக்கர் இரண்டும் மேனேஜர் அனுப்பினார். முதலில் வீட்டு வாசலிலேயே சோதித்தோம். கார் பேட்டரியைக் கழற்றி ஆம்ப்ளிஃபையருக்குப் பக்கத்தில் வைத்து, முழ நீள வயரில் இணைத்தார் வீட்டுக்காரர். நான் பேசினேன். பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள், என்னவோ ஏதோ என்று.

பிறகு எல்லாவற்றையும் காரில் ஏற்றினோம். பேட்டரி முன்னால் பானெட்டுக்குள், ஆம்ப்ளிஃபையர் பின் சீட்டில். வீட்டுக்கு பல்பு போட்டபோது மிஞ்சிய வயர் ஒரு சுருள் கிடந்தது. அதைக் காருக்குள் விரித்த கால்மிதிக்குக் கீழே ஓட்டிப் பின்னால் கொண்டு வந்தார். கடைவீதியில் போய் நின்று, "அன்பார்ந்த பெரியோர்களே" என்று ஆரம்பித்தேன். அந்த இரண்டு வார்த்தை வந்தது. குரலை உயர்த்தியதும் கரகரவென்று இழுத்து அப்படியே அமுங்கிவிட்டது. தொண்டை கிழியக் கத்தினேன். இன்னும் மோசம்.

மேனேஜர் காரின் ஜன்னலில் குனிந்தார். "கம்பெனில நல்லாத்தானம்மா இருந்துது. காருல ஏறுனா கூச்சமா? வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். இல்லன்னா வேற ஆளத்தான் கூட்டியாரணும்."

அன்றிலிருந்து என் தொண்டை ஊர்ச் சொத்தாகிவிட்டது. ஒருத்தி மிளகுப் பால் குடிக்கச் சொன்னாள், ஒருத்தி சித்தரத்தையை வாயில் அடக்கச் சொன்னாள். வாசலில் பேசியபோது எட்டுத் தெருவுக்குக் கேட்ட குரல் காரில் ஏறியதும் எப்படிக் கெடும் என்று கேட்டால், கேட்டவளுக்கும் மிளகுப் பால்தான் பதில்.

வயர் சூடாகிறது என்பது மட்டும் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. பீங்கான் கம்பெனிகளுக்குப் பேர்போன எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சூடு என்றால் உடனே பீங்கான்தான் நினைவுக்கு வரும். கம்பெனி ஒதுக்கிய மணிகள் வீட்டில் கூடை கூடையாகக் கிடந்தன. அவர் உட்கார்ந்து அந்த மெலிந்த வயர் முழுக்க ஒன்று விடாமல் கோத்துவிட்டார். பார்க்க என்னவோ அழகாகத்தான் இருந்தது.

"இனிமே தீப்புடிக்காது. நீ ஒன் கொரல மட்டும் பாத்துக்க" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மணியோடு குப்பை கொட்டுகிறவள் நான். பீங்கான் சூட்டைத் தாங்கும். சூடு ஏன் வருகிறது என்று அது கேட்காது. அதோடு ஆம்ப்ளிஃபையரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு இருந்தது. நான் மெல்லப் பேசினால் பளிச்சென்று எரியும், குரலை உயர்த்தினால் மங்கும். பலமில்லாத குரலா விளக்கை மங்க வைக்கும்? பேட்டரியிலிருந்து வர வேண்டியது வந்து சேரவில்லை என்று அதைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர்ப் பாலக்கரையில் லாரிகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன் கடைக்கு நானே போனேன். காரில் ஸ்டார்ட்டருக்குப் போகிற வயர் மட்டும் ஏன் விரல் தடிமன் இருக்கிறது என்று கேட்டேன்.

"வூட்டு கரண்டு எரநூத்தி முப்பது வோல்ட்டு அக்கா, மெலிசு வயரே போதும். பேட்டரி வெறும் பன்னெண்டு. அதே வேலைய இது செய்யணும்னா அதுக்குத் தக்கன கரண்டு ஜாஸ்தி ஓடணும். மெலிசு வயருல, அதுவும் அம்மாம் நீளத்துக்கு, பவரு பாதி வழிலயே சூடாப் போயிடும்" என்றார். நான் நினைத்தது சரிதான்.

ஒரு தடித்த வயரை எடுத்துக் காட்டினார். முனையைப் பார்த்தேன், முக்கால்வாசி ரப்பர். "ரப்பரக் காட்டாதீங்க, செம்பக் காட்டுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே உள்ளே போய் வேறொன்று கொண்டு வந்தார். நுனியில் மயிரிழை மாதிரி செம்புக் கம்பிகள் அடர்ந்து நிறைந்திருந்தன. கரண்டு போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு ஒன்று என்று அதிலேயே இரண்டு துண்டு வாங்கினேன். திரும்பி வரும் வயரை என் வீட்டுக்காரர் காரின் துருப்பிடித்த தகரத்தில் முடுக்கி வைத்திருந்தார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "சாயங்காலம் பூரா ஒக்காந்து கோத்துருக்கேன். அவுக்கச் சொல்றியா?" புது வயர் சீட்டுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் சொன்னபடியே ஒரு ஆளோடு வந்தார். கட்சிக் கூட்டங்களில் மைக் இல்லாமலே பேசுகிற மனிதர். அவர் மைக்கை வாங்கிக் கனைத்துவிட்டு ஆரம்பித்தார். கரகரவென்று இழுத்து, என் குரல் போன வழியிலேயே அவர் குரலும் போனது. எனக்கு வயிறு குளிர்ந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

"அவருக்கும் மொளகுப் பால் குடுங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. "அப்ப கோளாறு எதுலதாம்மா?" என்று மேனேஜர் கேட்டார். காரைப் பாலக்கரைக்கு விடச் சொன்னேன். இந்த முறை வீட்டுக்காரர் மறுக்காமல் ஓட்டினார். எலக்ட்ரீஷியன் பழைய வயரை உருவியபோது மணிகள் கலகலவென்று தரையில் ஓடின. சீட்டுக்கு அடியில் கிடந்த புது வயரை எடுத்துக் கொடுத்தேன். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, இரண்டு துண்டையும் நேராகப் பேட்டரியில் முடுக்கினார்.

மேனேஜர் பஸ் நிற்கிற இடம்வரை நடந்து போய் நின்றுகொண்டார். நான் மைக்கைப் பிடித்தேன். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே!" விளக்கு மங்கவில்லை. டீக்கடையில் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். வண்டி மாடு ஒன்று மிரண்டு பின்வாங்கியது. படத்தின் பெயர், காட்சி நேரம், பெண்களுக்குத் தனி இடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

மேனேஜர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பி வந்தார். "நேரா நல்லூரு, மங்களூரு, திட்டக்குடி. இப்பவே கெளம்புங்க. இனிமே எல்லா வெள்ளிக்கெழமயும் நீதாம்மா."

நான் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று ஆசையாகத்தான் இருந்தது. அவர் பானெட்டை மூடி, அதன்மேல் பெருமையாக ஒரு தட்டுத் தட்டி, மேனேஜரிடம் சொன்னார்: "வயரு நல்ல வயருங்க. அதான் இப்புடிக் கேக்குது."

கேட்காதபோது என் குரல் சரியில்லை. கேட்டதும் வயர் நல்ல வயர். மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது. ஸ்விட்சை அமுக்கினேன்.

"கொரலும் நல்ல கொரல்தாங்க!"

பாலக்கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் வண்டியை எடுத்தார்.