தலையணை வாங்கிய பூஜ்யம்

டிப்போவில் அவரை ஹாரன் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் அடிக்கும் ஹாரனால் வந்த பெயரல்ல. ஓய்வறையில் சாய்ந்ததும் அவர் மூக்கு அடிக்கும் ஹாரனால் வந்தது. குடுத்து வெச்ச மனுஷன், படுத்ததும் தூக்கம் என்று கண்டக்டர்கள் பொறாமைப்பட்டார்கள். குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று எவன் கிளப்பிவிட்டானோ, அந்தப் பொய்க்கு ஆயுசு கெட்டி. உண்மையில் அந்த மனிதர் இரவு முழுக்கத் தொண்டை அடைத்து, மூச்சு நின்று, திடுக்கிட்டு மூச்சிழுத்து, மறுபடி அடைத்து, விடியும்போது அடித்துப் போட்ட மாதிரி எழுந்துகொண்டிருந்தார். பகலில் கண் சொருகுது சார், டபுள் டியூட்டி வேண்டாம் என்று மேனேஜரிடம் கெஞ்சியும் பார்த்தார். தூங்குமூஞ்சி என்ற பட்டம் கிடைத்தது. டியூட்டி குறையவில்லை.

ஒருநாள் சிக்னலில் விளக்கு பச்சையாகி, சிவப்பாகி, மறுபடி பச்சையானது. அவர் பஸ் மட்டும் நகரவில்லை. தெருவே ஹாரன் அடித்தும் எழாதவரை ஒரு பயணிதான் கன்னத்தில் தட்டி எழுப்பினார். அதுவரை அவர் கண்ணைப் பற்றிக் கவலைப்படாத நிர்வாகத்துக்கு அன்று மாலையே பொதுமக்கள் மேல் பாசம் பொங்கிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கொண்டு, பயணிகள் தொலைத்த பொருட்கள் கிடக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடைகளுக்கும், ஒற்றைச் செருப்புகளுக்கும், யாரோ மறந்துபோன ஒரு பல் செட்டுக்கும் அவர் காவல்.

டாக்டர், தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் என்று சொல்லி ஒரு மிஷின் கொடுத்தார். மாஸ்க்கை மூக்கில் மாட்டிக்கொண்டு படுத்தால் அது காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். மூச்சு மணிக்கு எத்தனை தடவை தடைப்பட்டது என்று எண்ணியும் வைக்கும், அந்தக் கணக்கைத் தன் கம்பெனிக்கும் அனுப்பிவிடும். மாத சராசரி ஐந்துக்குக் கீழே வந்தால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை குடைதான்.

மிஷினின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகி எண்ணைப் பார்க்க மகள் சொல்லிக் கொடுத்தாள். அதன்பிறகு அவர் பல் தேய்ப்பதற்கு முன்னால் எண் பார்த்தார். முதலில் பதினாலு, பன்னிரண்டு என்று இழுபறி. அப்புறம் மளமளவென்று இறங்கியது. ஒரு காலையில் சுத்த பூஜ்யம். அன்று டிப்போவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார். முட்டை மார்க் வாங்கிட்டு டீ வாங்கிக் குடுத்த ஒரே ஆளு நீங்கதாண்ணே என்றார் ஒரு கண்டக்டர். பூஜ்யம் வாங்கிய மனிதர் மத்தியானமே குடைகளுக்கு நடுவில் வாய் பிளந்து தூங்கினார். குடையைப் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது என்று தனக்குத்தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

மாதம் முடிந்து சராசரி இரண்டு வந்தது. மேனேஜரைப் பார்க்கப் போகும் முன், மூச்சு ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டையும் பார்த்துவிடலாம் என்று மகள் கம்ப்யூட்டரில் எதையோ அழுத்தினாள். அதுவரை இருவரும் எண்ணைத் தாண்டிப் போனதே இல்லை.

"அப்பா, இதுல உங்க மூச்சு நிக்கவே இல்லதான்."

"அதான் ஒரு மாசமா சொல்லிட்டிருக்கேனே."

"நீங்க மூச்சு விடவும் இல்லப்பா."

கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி விடியும்வரை தட்டையாகப் போனது. அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மனைவி வாசற்படியில் வந்து நின்று, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னாள். தூக்கத்தில் மாஸ்க்கை அவரே பிடுங்கி எறிந்துவிடுகிறார். அது பாம்பு மாதிரி சீறுகிறது. விடிந்தால் அவள் தையல் கம்பெனியில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்க வேண்டும். மிஷினை அணைத்தால் அவர் கணக்கு கெட்டுப்போகும். அதனால் மாஸ்க்கைத் தலையணைக்கு அடியில் சொருகிவிட்டுப் படுத்தாள்.

"முதல் நாளே சொல்லிருக்கணும். நீங்க எண்ணைப் பாத்துட்டு ஒரு சிரிப்பு சிரிச்சீங்க. எத்தனை வருஷமாச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து. எப்படிங்க சொல்றது?"

அவரால் கோபப்படவும் முடியவில்லை. மூச்சே விடாததற்கு மூச்சு எப்படி நிற்கும்? மிஷினுக்கு மனிதனும் ஒன்றுதான், பஞ்சும் ஒன்றுதான். காற்று தகராறில்லாமல் கசிந்து போனதால் ஆசாமி நலம் என்று எழுதிவிட்டது.

டிப்போவுக்குப் போனால், மிஷின் கம்பெனி அனுப்பிய அறிக்கையில் மேனேஜர் ஏற்கனவே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். டிரைவர் பற்றாக்குறை. நாளைக்கே வண்டி எடுக்கலாம், டபுள் டியூட்டியும் உண்டு என்றார். ஹாரன் அண்ணனின் விரல்கள் அந்தப் பேப்பரின் ஓரத்தைத் தொட்டுவிட்டன. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், குடைகளிடமிருந்து விடுதலை. ஆனால் கண் அப்போதும் சொருகிக்கொண்டுதான் இருந்தது. அதை அவரைவிட யாருக்குத் தெரியும்?

நடந்ததைச் சொன்னார். மேனேஜர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல தலையணைன்னு எங்கயாவது போட்டிருக்கா டிரைவர்? சராசரி ரெண்டு. நீங்க ஃபிட்."

தூங்காத மனிதன் வாயால் சொன்னபோது நம்பாத நாற்காலி, தூங்கிய தலையணையைக் காகிதத்தில் நம்பியது.

"சரி சார், ஓட்டறேன். முதல் ட்ரிப் நீங்க எனக்குப் பின் சீட்டுல உக்காருங்க. மேம்பாலம் ஏறி இறங்கற வரைக்கும் போதும்."

மேனேஜர் அவர் கண்களைப் பார்த்தார். பேப்பரை மெல்ல இழுத்து டிராயருக்குள் போட்டார். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

டாக்டரிடம் திரும்பப் போனபோது அங்கே மாஸ்க் பொருத்தும் பெண், முகத்தைப் பார்த்ததுமே கோளாறு மீசையில் என்று சொல்லிவிட்டாள்: அந்தப் புதர் வழியாகக் காற்று ஒழுகி மூக்கைக் கூசச் செய்கிறது, அதனால்தான் பிடுங்குகிறார். மீசை போனது, பக்கத்து வீட்டுக்காரர் யாரோ விருந்தாளி என்று நினைத்து வணக்கம் வைத்தார். அப்படியும் மாஸ்க் கழன்றால், இனி தலையணை கிடையாது, விலாவில் ஒரு குத்து என்று மனைவியோடு ஒப்பந்தம். அவள் ஒப்பந்தத்தை மீறவேயில்லை. மாதம் முடிவதற்குள் பட்டப்பகலிலும் குடைகளை முழித்துக்கொண்டே எண்ண முடிந்தது. கோடும் மேடும் பள்ளமுமாக, ஒரு உயிருள்ள பிராணியின் கோடாக ஓடியது. சராசரி நாலு.

மேனேஜர் பழைய அறிக்கையை டிராயரிலிருந்து எடுத்துப் புதியதன் பக்கத்தில் வைத்து, உதட்டைப் பிதுக்கினார்.

"போன தடவை இதைவிட நல்லா இருந்துச்சே டிரைவர். வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

கேட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார். டபுள் டியூட்டி மட்டும் முடியாது சார் என்று சொல்லிவிட்டு, மை காய்வதற்குள் பேப்பரை எடுத்துக்கொண்டு ஹாரன் அண்ணன் வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தார்.